பூக்கடைக்கு விளம்பரம்

'பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?' என்பது நம்மவர் வழக்கு. மல்லிகை தன் வரவைத் தானே சொல்லிவிடும். கடைக்காரர் கூவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது அதன் பொருள். இளமையில் இவ்வழக்கை நாம் முழுமையாக நம்பினோம். பொருள் நன்றாக இருந்தால் போதும், மற்றவை தாமே வந்து சேரும் என்று பிறருக்கும் எடுத்துச் சொல்லி வந்தோம். அந்த நம்பிக்கையில் முதற்கீறல் விழுந்தது ஒரு கைப்பேசியினால் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். எனினும் நடந்தது அதுதான்.

சென்ற மாதம் மேசை இழுப்பறையை ஒழுங்கு செய்தபோது, பழைய ரசீதுகளுக்கும் மை உலர்ந்த பேனாக்களுக்கும் அடியில் அந்தக் கைப்பேசி அகப்பட்டது. வெள்ளி நிற அலுமினிய உடல். உள்ளங்கையில் படியும்படி மெல்ல வளைந்த முதுகு. துணியால் துடைத்தபோது நேற்று வாங்கியது போலவே மின்னிற்று. 'எச்.டி.சி. ஒன்' என்பது அதன் பெயர். நாம் அதை வாங்கியது 2013ஆம் ஆண்டில்.

மின்கம்பியை இணைத்துவிட்டுக் காத்திருந்தோம். கால் மணி நேரம் சென்றபின் திரை விழித்தது. அது விழிப்பதற்குள் நம் நெஞ்சில் பல நினைவுகள் விழித்துக்கொண்டன.

அந்த ஆண்டில் நம் பழைய கைப்பேசி ஓய்வு கேட்டது. நூல் ஒன்றை வாங்குமுன் அதன் மதிப்புரைகளைத் தேடிப் படிப்பது நம் வழக்கம். கைப்பேசிக்கும் அவ்வாறே செய்தோம். எச்.டி.சி. ஒன்னைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே குரலில் புகழ்ந்தார்கள். அந்நாளில் ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளிற் பெரும்பாலானவை பிளாஸ்டிக் உடல் தாங்கி வந்தன. இதுவோ உலோகத்தைக் குடைந்து செய்யப்பட்டது. ஓர் உடலைக் கடைந்தெடுக்க 200 நிமிடங்கள் பிடிக்கிறது என்று நிறுவனம் கூறியது. 4.7 அங்குலத் திரையில் எழுத்துகள் அச்சிட்ட தாளில் இருப்பது போலத் தெளிவாக நின்றன. பிற கைப்பேசிகள் ஒலியை முதுகுப் புறமாகவோ கீழ்ப்புறமாகவோ சிதறவிட்ட காலத்தில், இதில் திரைக்கு மேலும் கீழுமாக இரண்டு ஒலிபெருக்கிகள் கேட்பவரை நோக்கியே அமைந்திருந்தன.

குறைகளையும் மதிப்புரையாளர்கள் மறைக்கவில்லை. படக்கருவி 4 மெகாபிக்சல் மட்டுமே கொண்டது. புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றையும் பெரிதாக்கினால் மங்கிய வெளிச்சத்திலும் படம் நன்றாக விழும் என்பது நிறுவனத்தின் வாதம். வாதம் பொய்யன்று. ஆனால் அடுத்த கடையில் 13 மெகாபிக்சல் என்று எழுதி வைத்திருக்கும்போது, 4 என்ற எண்ணுக்கு வாடிக்கையாளரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? பேட்டரியும் உடலுக்குள் அடைபட்டிருந்தது. உடலைக் குலைக்காமல் திறப்பதே அரிது என்று பிரித்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள்.

இவ்வளவும் சொன்னபின், பல மதிப்புரைகள் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து சேர்ந்தன. பொருள் சிறந்தது, இதைச் செய்தவர்கள் பிழைப்பார்களா?

திருநெல்வேலியில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் நம் சகோதரியின் மகனிடம் சென்றோம். அவனும் அதே கேள்வியைத்தான் வேறு சொற்களிற் கேட்டான்.

"மாமா, சாமான் அருமையான சாமான். அதிலே குறை சொல்ல வழியில்லை. ஆனா கம்பெனி நிலைச்சு நிக்குமான்னுதான் தெரியலை. நாளைக்கு நீங்க என்னைக் குறை சொல்லக் கூடாது பாருங்க."

"நாம் வாங்கப் போவது கைப்பேசியையா, கம்பெனியையா?" என்று கேட்டோம்.

அவன் பதில் சொல்லாமல் சிரித்தான். 40,000 ரூபாய்க்கு மேல் எண்ணி வைத்துவிட்டு, வென்றுவிட்ட பெருமிதத்தோடு வீடு திரும்பினோம்.

வாங்கிய பிறகுதான் அந்நிறுவனத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். 1997இல் தைவான் நாட்டில் அதைத் தொடங்கியவர்கள் செர் வாங் என்னும் பெண்மணியும் அவருடைய கூட்டாளிகளும். நெடுங்காலம் அந்நிறுவனம் தன் பெயரை வெளியிற் காட்டாமல் பிறருக்காகக் கருவிகள் செய்து கொடுத்து வந்தது. காம்பாக் நிறுவனத்தின் 'ஐபேக்' என்ற புகழ்பெற்ற கையடக்கக் கணினி இவர்கள் செய்தது. 2008இல் உலகின் முதல் ஆண்ட்ராய்டுக் கைப்பேசி விற்பனைக்கு வந்ததே, அதுவும் இவர்கள் செய்தது. 2010இல் கூகுள் தன் பெயரிட்டு விற்ற 'நெக்சஸ் ஒன்' கைப்பேசியும் இவர்கள் தொழிற்சாலையிற் பிறந்ததே.

பின்னர் தன் பெயரிலேயே விற்கத் தொடங்கியது. எழுச்சி வியக்கத்தக்கதாய் இருந்தது. 2011 ஏப்ரலில் அதன் பங்குகளின் மொத்த மதிப்பு 3,300 கோடி டாலரைக் கடந்து, அந்நாளில் யாரும் அசைக்க முடியாதது என எண்ணப்பட்ட நோக்கியாவையே மிஞ்சியது. அதே ஆண்டின் மூன்றாம் காலாண்டில், அமெரிக்காவில் மிகுதியான ஸ்மார்ட்போன்களை அனுப்பிய நிறுவனம் இதுவே என்று சந்தை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்நாட்களில் அது தாங்கி நின்ற விளம்பர வாசகத்தைத் தமிழிற் சொன்னால் 'அமைதியான மேதைமை' என்று வரும். பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று நாம் சொல்வதை அவர்கள் தம் மொழியிற் சொல்லியிருக்கிறார்கள் என்றே நமக்குத் தோன்றிற்று.

ஆனால் நாம் அந்தக் கைப்பேசியை வாங்கிய நேரத்தில் உயரத்திலிருந்து இறக்கம் தொடங்கியிருந்தது. 2012இன் முதற் காலாண்டில் ஏறத்தாழ 446 கோடி தைவான் டாலராக இருந்த இலாபம், 2013இன் முதற் காலாண்டில் 8.5 கோடியாகச் சுருங்கிவிட்டது. நூறு ரூபாய் ஈட்டியவன் மறு ஆண்டு இரண்டு ரூபாய் ஈட்டினான் என்பது போன்ற வீழ்ச்சி இது.

காரணம் ஒன்றல்ல. 2010 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் காப்புரிமை வழக்குத் தொடுத்தது. 2012 மே மாதத்தில், அந்த வழக்கின் விளைவாக, புதிய கைப்பேசிகள் அமெரிக்கச் சுங்கத்தில் தடைபட்டு நின்றன. அவ்வாண்டு நவம்பரில் பத்தாண்டு உடன்படிக்கை ஒன்றின் மூலம் வழக்கு முடிந்தது. ஆனால் சந்தையில் இழந்த நாள்களை எந்த உடன்படிக்கை திருப்பித் தரும்? 2011இல் 'பீட்ஸ்' என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் 30 கோடி டாலர் கொடுத்துப் பெரும்பங்கு வாங்கினார்கள். பின்னர் அதைத் தவணை தவணையாக விற்று 2013இல் முற்றிலும் கைகழுவினார்கள். 2014இல் அந்த பீட்ஸை ஆப்பிள் 300 கோடி டாலருக்கு வாங்கியது.

இவற்றையெல்லாம்விட நம் சிந்தையைத் தைத்தது வேறொரு செய்தி. எச்.டி.சி. ஒன் 2013 பிப்ரவரி 19ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. மார்ச் மாதத்திலேயே உலகெங்கும் கடைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. புதுமையான அந்தப் படக்கருவிக்கு வேண்டிய சிறு பாகம் போதிய அளவிற் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? பாகம் செய்து தருவோர் இந்நிறுவனத்தை முன்போல முதல்வரிசை வாடிக்கையாளராக மதிக்கவில்லை என்று அதன் அதிகாரி ஒருவரே கூறியதாக அப்போது செய்தி வந்தது. இவர்கள் அடுத்த ஆண்டும் இதே அளவு வாங்குவார்களா என்ற ஐயம் பாகம் செய்பவருக்கு. அந்த ஐயத்தால் பாகம் குறைந்தது. பாகம் குறைந்ததால் கைப்பேசி தாமதித்தது. அதற்குள் சாம்சங் நிறுவனம் மார்ச் 14இல் தன் 'கேலக்ஸி எஸ்4' கைப்பேசியை அறிவித்துவிட்டது. அது விற்பனைக்கு வந்து ஒரு மாதம் நிறைவதற்குள் 1 கோடி அனுப்பப்பட்டது. திரையையும் நினைவகத்தையும் தானே செய்துகொள்ளும் நிறுவனம் அது. எவர் வாசலிலும் காத்து நிற்க வேண்டிய நிலை அதற்கு அவ்வளவாக இல்லை.

அமைதி பயன் தரவில்லை என்று கண்ட எச்.டி.சி., அவ்வாண்டு தன் பழைய வாசகத்தைக் கைவிட்டது. ஆகஸ்டில் ராபர்ட் டவுனி ஜூனியர் என்ற ஹாலிவுட் நடிகரைப் பெரும்பொருள் கொடுத்து அழைத்து வந்தது. எச்.டி.சி. என்ற மூன்று எழுத்துகளுக்கு வேடிக்கையான விரிவுகள் சொல்லிச் சிரிக்க வைத்தது அந்த விளம்பரம். கைப்பேசியின் உடலைக் குடைந்தெடுத்த உழைப்பைப் பற்றியோ, ஒலியின் இனிமையைப் பற்றியோ அதில் பெரிதாக ஏதும் இல்லை. பேசாதிருந்து பழகியவர், பேச வேண்டிய அவையில் பொருளை விட்டுவிட்டு நகைச்சுவை பேசி அமர்ந்தது போல் இருந்தது. அவ்வாண்டின் மூன்றாம் காலாண்டில் 297 கோடி தைவான் டாலர் நட்டம் வந்தது. 2002இல் பங்குச்சந்தையில் இடம்பெற்றதிலிருந்து அந்நிறுவனம் கண்ட முதற் காலாண்டு நட்டம் அதுவே.

2014 பிப்ரவரியில் பார்சிலோனா நகரில் கைப்பேசித் துறையின் பெரும் மாநாடு கூடியது. சென்ற ஆண்டின் சிறந்த ஸ்மார்ட்போன் என்ற விருது எச்.டி.சி. ஒன்னுக்கு வழங்கப்பட்டது. முதல் நட்டம் ஒரு கையில். முதற் பரிசு மறு கையில். செய்தியைப் படித்தபோது நம் தேர்வுக்கே பரிசு கிடைத்தது போல மகிழ்ந்தோம். நண்பர்களிடமெல்லாம் சொன்னோம். அதுவரை சரி. அடுத்து நாம் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினோம்.

அவ்வாண்டு நம் மகள் கல்லூரியிற் சேர்ந்தாள். அவளுக்குக் கைப்பேசி வேண்டியிருந்தது. "வாப்பா, உங்ககிட்ட இருக்கே, அது மாதிரியே வாங்கித் தாங்க. பாட்டு எவ்வளவு நல்லாக் கேக்குது!" என்றாள். மார்ச்சில் வெளிவந்த அதன் அடுத்த பதிப்பையும் மதிப்புரையாளர்கள் புகழ்ந்திருந்தார்கள். மருமகன் கடைக்குச் சென்றோம். கண்ணாடிப் பேழைக்குள் அது இருந்தது. கையில் எடுத்தோம், பார்த்தோம், திரும்ப வைத்தோம். வேறொரு நிறுவனத்தின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு வெளியேறினோம்.

மகள் காரணம் கேட்டாள். "கல்லூரி முடியும்வரை ஓட வேண்டும், அம்மா. இந்தக் கம்பெனி அதுவரை இருக்குமோ என்னவோ" என்றோம். மருமகன் நம்மை நிமிர்ந்து பார்த்தான். முன்பு நாம் கேட்ட கேள்வியை அவன் திருப்பிக் கேட்டிருக்கலாம். மூத்தவர் என்ற மரியாதையால் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவ்வளவு சுட்டிருக்காது.

நம் அச்சம் அறிவற்றதா? அன்று. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அம்மிக்கல்லை வாங்கியவனுக்கு அதைக் கொத்திய சிற்பி பின்னர் வேண்டியதில்லை. பித்தளைக் குடம் வாங்கியவள் கன்னான் இருக்கிறானா இல்லையா என்று பாராமல் மூன்று தலைமுறை தண்ணீர் சுமப்பாள். கைப்பேசி அத்தகைய பொருளன்று. அதன் மென்பொருளை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பழுது பார்க்கப் பாகம் வேண்டும். பாதுகாப்புக் குறைகளை அடைக்க அதைச் செய்தவரே வேண்டும். நம் எச்.டி.சி. ஒன்னுக்கும் 2015இல் ஆண்ட்ராய்டின் ஐந்தாம் பதிப்பு வரை வந்தது. ஆகவே, கைப்பேசியை வாங்குகிறவர் அதைச் செய்தவரின் நாளைய வாழ்வில் ஒரு துண்டையும் சேர்த்தே வாங்குகிறார். மருமகனின் சிரிப்புக்குப் பொருள் இதுதான்.

ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. பாகம் செய்பவர் ஐயுற்றார். அவர் வரையில் அது நியாயம். கடைக்காரர் ஐயுற்று இரண்டு மட்டும் வாங்கி வைத்தார், அதுவும் நியாயம். நாம் ஐயுற்று மகளுக்கு வேறொன்று வாங்கினோம், அதுவும் நியாயமே. இத்தனை நியாயங்களும் ஒன்றுகூடியபோது அந்த நிறுவனம் நிலைப்பதற்கு இடமில்லாமல் போயிற்று. அது விழுமோ என்று அஞ்சிய ஒவ்வொருவரும் தாம் பிடித்திருந்த விரலை மெல்ல விட்டோம். விழுந்தபின், 'நாம் அன்றே சொன்னோமே' என்றோம்.

இலக்கிய இதழ் படிக்கும் அன்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நம் நண்பர் ஒருவர் முன்பு சிற்றிதழ் ஒன்று நடத்தினார். தாளும் அச்சும் பிழைதிருத்தமும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். ஒவ்வோர் இதழுக்கும் பாராட்டுக் கடிதங்கள் வந்து குவியும். ஆண்டுச் சந்தாவைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், "இதழ் அருமை, ஐயமில்லை. ஆனால் ஆண்டு முடியும்வரை வருமா? தனி இதழாகவே வாங்கிக்கொள்கிறோமே" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் நாமும் ஒருவர். பதினான்காம் இதழோடு அது நின்றது. விற்காத பிரதிகள் அவர் வீட்டுப் பரணில் ஏறின. அவரைக் காணும்போதெல்லாம் அவ்விதழைப் புகழ்ந்து பேசுவோம். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எச்.டி.சி. அவ்வாறு நின்றுவிடவில்லை. 2015 மார்ச்சில் நிர்வாகத் தலைவர் பீட்டர் சௌ விலக, செர் வாங் தாமே அப்பொறுப்பை ஏற்றார். 2016இல், அணிந்துகொண்டு மாய உலகைக் காணும் 'வைவ்' என்ற கருவியை வெளியிட்டார்கள். அதே ஆண்டு கூகுளின் முதல் 'பிக்சல்' கைப்பேசியையும் தம் தொழிற்சாலையில் செய்து கொடுத்தார்கள். அதன் முதுகில் இவர்கள் பெயர் இல்லை. பிறருக்காகப் பெயரின்றிச் செய்து தொடங்கியவர்கள், மீண்டும் அவ்விடத்துக்கே வந்து நின்றார்கள். 2017 செப்டம்பரில் கூகுள் 110 கோடி டாலர் தர இசைந்து, அக்கைப்பேசியைச் செய்தவர்கள் உள்ளிட்ட ஏறத்தாழ 2,000 பணியாளர்களைத் தன்பால் எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் செய்தது. 2018 ஜனவரியில் அது நிறைவேறியது. 2025 ஜனவரியில் மாய உலகக் கருவிப் பிரிவின் பொறியாளர் சிலரையும் 25 கோடி டாலர் தந்து அழைத்துக்கொள்வதாகக் கூகுள் அறிவித்தது. நிறுவனத்துக்கு விலை சொல்ல யாரும் முன்வராத காலத்திலும், அதில் வேலை செய்த கைகளுக்கு விலை இருந்தது. இதில் ஆறுதல் உண்டா, துயரம் உண்டா என்று நம்மால் முடிவு செய்ய இயலவில்லை. 2024இலும் அந்நிறுவனம் தன் பெயரில் புதிய கைப்பேசி ஒன்றை வெளியிட்டது. அதைப் பற்றிய மதிப்புரைகளை நாம் தேடவில்லை. ஒரு காலத்தில் ஒவ்வொன்றையும் தேடிப் படித்தவர் நாம்.

மேசைமேல் மின்கம்பியோடு கிடந்த அந்தப் பழைய கைப்பேசியில், மகள் சிறுமியாக இருந்தபோது பதிவு செய்த பாட்டொன்று இன்னும் இருந்தது. பழைய கைப்பேசியிலிருந்து மாற்றி வைத்திருந்தோம். தொட்டவுடன் அறை முழுவதும் அவள் குரல் நிறைந்தது. அடுக்களையில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். இன்று அவளே ஒரு பிள்ளைக்குத் தாய்.

"வாப்பா, இது இன்னும் பாடுதா?" என்று கேட்டாள். பிறகு, "நான் இதைத்தானே அன்னைக்குக் கேட்டேன்" என்றாள்.

நமக்குச் சொல்ல மறுமொழி இல்லை.

மறுநாள் அஞ்சலகம் சென்று, தொடங்கி மூன்றே இதழ் வந்திருக்கும் ஒரு சிற்றிதழுக்கு மூன்றாண்டுச் சந்தா அனுப்பினோம். அது மூன்றாண்டு வருமா என்பது தெரியாது. இம்முறை அதைக் கேட்கவில்லை. அன்று பேழைக்குள் திரும்ப வைத்ததை இன்று எடுக்க இயலாது. இதையாவது செய்யலாம் என்று தோன்றிற்று.

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்று சொல்லிச் சென்ற முன்னோர் தவறாகச் சொல்லிவிடவில்லை. வாசனையை நுகர்ந்தவர் ஒரு முழமாவது வாங்கிச் செல்வர் என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும். கடை வாசலில் நின்று மணத்தைப் புகழ்ந்துவிட்டு, 'நாளைக்குக் கடை இருக்குமோ?' என்று கேட்டபடி வெறுங்கையோடு நடந்துபோகும் நம்மைப் போன்றவர்களை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.